பிஜிபி ஏன் அந்த வழியைப் பிடித்தது? கேள்வி பதில்

பதினேழு வருடமாக சிங்கப்பூரில் நெட்வொர்க் வேலை. பிஜிபி என்பது "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்" என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை; அப்படித் தனியாக நிர்வகிக்கப்படும் ஒவ்வொரு நெட்வொர்க்கும் ஒரு ஏஎஸ். தாய் செங்கிலும் ஆயர் ராஜாவிலும் டேட்டா சென்டர் குளிரில் கழிந்த இரவுகள் எத்தனையோ. இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம்: "நான் சொன்ன வழி ஒன்று, ட்ராஃபிக் போகிற வழி வேறு." கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே நாலு இடத்தில் கான்ஃபிகை மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. கை வைக்கும் முன் எந்தப் படியில் முடிவானது என்று ரூட்டரையே கேட்டுவிடுங்கள். கேட்டால் அது சொல்லும்.

கேள்வி (ஜூரோங் ஈஸ்ட்): அக்கா, எங்களுக்கு இரண்டு ஐஎஸ்பி (இணையச் சேவை தருபவர்). முதலாவதுக்கு லோக்கல் ப்ரெஃபரன்ஸ் (எந்த வழி வேண்டும் என்று நாமே வைக்கும் எண், பெரியது ஜெயிக்கும்) 200 வைத்திருக்கிறேன், இரண்டாவதுக்கு வழக்கமான 100. எல்லாம் சரியாகப் போகிறது, ஒரு சர்வருக்கு மட்டும் இரண்டாவது வழியாகவே போகிறது. பக் ஆக இருக்குமா?

பதில்: பக் இல்லை தம்பி. நீங்கள் 198.51.100.0/22 என்ற ரூட்டைப் பார்த்துவிட்டு "முதல் ஐஎஸ்பிதான் பெஸ்ட்" என்கிறீர்கள். இப்படி எழுதப்படும் முகவரித் தொகுதிக்குப் பெயர் ப்ரீஃபிக்ஸ்; சாய்கோட்டுக்குப் பின் வரும் எண்தான் அதன் நீளம், எண் பெரிதானால் தொகுதி சிறிது. இரண்டாவது ஐஎஸ்பி அதற்குள்ளேயே ஒரு /24 அனுப்புகிறதா என்று பாருங்கள். லோக்கல் ப்ரெஃபரன்ஸ், ஏஎஸ் பாத் (வழியில் தாண்டும் ஏஎஸ்களின் பட்டியல்) எல்லாம் ஒரே ப்ரீஃபிக்ஸுக்கு வந்த வழிகளுக்குள் நடக்கிற போட்டி. /22-உம் /24-உம் வேறு வேறு ப்ரீஃபிக்ஸ், அவை ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. பாக்கெட் வரும்போது நீளமான ப்ரீஃபிக்ஸ் ஜெயிக்கும், அவ்வளவுதான். அதனால் ஷோ கமாண்டில் ப்ரீஃபிக்ஸைப் போடாதீர்கள், அந்த சர்வரின் முழு ஐபி முகவரியைப் போடுங்கள். எந்த என்ட்ரியில் போய் விழுகிறது என்று உடனே தெரியும்.

2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் உலகின் பல பகுதிகளில் காணாமல் போனதும் இதே விதியால்தான். யூடியூப் 208.65.152.0/22 என்று அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் தடுப்பதற்காகப் போட்ட 208.65.153.0/24 வெளியே கசிந்துவிட்டது. /24 கிடைத்த ரூட்டர்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. யூடியூப் தானும் /24, பிறகு /25 என்று இறங்கி அறிவித்துத்தான் ட்ராஃபிக்கை இழுக்க முடிந்தது.

கேள்வி (ஈசூன்): பிஜிபி வழியைத் தேர்ந்தெடுக்கும் வரிசையை ஒரு முறை சொல்லிவிடுங்கள், நேர்காணலில் தடுமாறுகிறேன்.

பதில்: சிஸ்கோ ரூட்டர்களின் வரிசைப்படி சொல்கிறேன். முதலில் நெக்ஸ்ட் ஹாப் (பாக்கெட்டை அடுத்துக் கொடுக்க வேண்டிய ரூட்டர்) எட்டக்கூடியதா என்று பார்க்கும். எட்டாவிட்டால் அந்த வழி போட்டியிலேயே இல்லை. பிறகு வெயிட் (அந்த ரூட்டருக்குள் மட்டும் செல்லும் எண், பெரியது ஜெயிக்கும்), லோக்கல் ப்ரெஃபரன்ஸ், இந்த ரூட்டரே உருவாக்கியதா, ஏஎஸ் பாத் நீளம், ஆரிஜின் (ரூட் பிஜிபிக்குள் எப்படி வந்தது), எம்இடி (எந்த லைனில் வரவேண்டும் என்று பக்கத்து ஏஎஸ்ஸுக்குச் சொல்லும் எண்), ஐபிஜிபியைவிட (ஒரே ஏஎஸ்ஸுக்குள் கற்றது) ஈபிஜிபி (வேறு ஏஎஸ்ஸிலிருந்து கற்றது), நெக்ஸ்ட் ஹாப்புக்கு நம் நெட்வொர்க்குக்குள் ஆகும் செலவு (ஐஜிபி செலவு), கடைசியில் பழைய வழி, ரூட்டர் ஐடி என்று போகும். வெயிட் சிஸ்கோவின் சொந்தச் சரக்கு, பிஜிபியின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 4271-இல் கிடையாது, ஜூனிப்பர் ரூட்டர்களிலும் இல்லை. நேர்காணலில் அதைச் சேர்த்துச் சொன்னால் நல்ல பெயர் கிடைக்கும்.

கேள்வி (தெம்பனீஸ்): கிளை அலுவலகத்துக்கு எம்பிஎல்எஸ் (தொலைத்தொடர்பு நிறுவனம் தரும் தனி இணைப்பு) மெயின், அதில் ஈபிஜிபி. பேக்கப்புக்கு இன்டர்நெட் மேலே விபிஎன் டனல், அதில் ஓஎஸ்பிஎஃப் (ஒரு நெட்வொர்க்குக்குள் வழி கற்கும் முறை). எம்பிஎல்எஸ் விழுந்தால் டனலுக்கு அழகாக மாறுகிறது. எம்பிஎல்எஸ் திரும்பி வந்த பிறகும் டனலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டனலை ஷட் செய்து திறந்தால் சரியாகிவிடுகிறது. மூன்று மாதமாக இப்படியே ஓட்டுகிறோம்.

பதில்: கடைசி வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியத்தில் விடை இருக்கிறது. அந்த ரூட்டரில் ஓஎஸ்பிஎஃப்பை பிஜிபிக்குள் ரீடிஸ்ட்ரிபியூட் (ஒரு முறையில் கற்ற ரூட்டை இன்னொன்றுக்குள் போடுவது) செய்திருப்பீர்கள். இல்லை என்றால் இந்தக் கதை நடக்காது.

மெதுவாகப் பாருங்கள். எல்லாம் நன்றாக இருக்கும்போது ஈபிஜிபியின் தூரம் (ரூட்டர் எந்த முறையை முதலில் நம்பும் என்ற எண், சிறியது ஜெயிக்கும்) 20, ஓஎஸ்பிஎஃப் 110, அதனால் ஈபிஜிபி ரூட் டேபிளில் உட்கார்ந்திருக்கிறது. எம்பிஎல்எஸ் விழுகிறது. ஓஎஸ்பிஎஃப் ரூட் உள்ளே வருகிறது. வந்த கையோடு ரீடிஸ்ட்ரிபியூஷன் அதைப் பிடித்து பிஜிபி டேபிளில் போடுகிறது, "இது நானே உருவாக்கியது" என்று 32768 வெயிட்டோடு. அரை மணி நேரம் கழித்து எம்பிஎல்எஸ் எழுகிறது, பக்கத்து ரூட்டர் அதே ப்ரீஃபிக்ஸை அனுப்புகிறது, அதன் வெயிட் 0. முதல் படியிலேயே 32768 ஜெயித்துவிடுகிறது. ஈபிஜிபி வழி பெஸ்ட் ஆகவில்லை, ஆகாததால் ரூட் டேபிளுக்கே வரவில்லை, எனவே 20-ஆ 110-ஆ என்ற போட்டிக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. டனலை ஷட் செய்தால் ஓஎஸ்பிஎஃப் ரூட் போகிறது, கூடவே அந்த 32768-உம் போகிறது, ஈபிஜிபி உள்ளே வந்துவிடுகிறது.

அடுத்த முறை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஷோ ஐபி பிஜிபி போட்டு அந்த ப்ரீஃபிக்ஸைப் பாருங்கள். இரண்டு வரி இருக்கும். பெஸ்ட் குறி உள்ள வரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருக்கும், அது ரீடிஸ்ட்ரிபியூட் ஆனது என்பதற்கு அடையாளம். வெயிட் பத்தியில் 32768.

அவசரத்துக்கு எம்பிஎல்எஸ் பக்கத்து நெய்பருக்கு 40000 வெயிட் கொடுத்தால் தீரும். எனக்கு அது பிடிக்காது. கிளையின் ப்ரீஃபிக்ஸ்களை டேக் (ரூட்டில் ஒட்டும் அடையாள எண்) வைத்து அடையாளம் கண்டு, ரீடிஸ்ட்ரிபியூஷனிலேயே ரூட் மேப் (எந்த ரூட்டை விடலாம் என்ற விதிப் பட்டியல்) போட்டுத் தடுப்பதுதான் முறை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கோளாறுக்கு இரண்டு இரவு தொடர்ந்து டனலை ஷட் செய்து திறந்தேன். மூன்றாம் இரவு என் மேலாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "டேபிளைப் படி, சத்தமாகப் படி" என்றார். படித்துக்கொண்டே வந்தவள் 32768-இல் நின்றேன். இப்போது என் குழுவில் யார் சிக்கிக்கொண்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): பேக்கப் ஐஎஸ்பி வழியாக உள்ளே வரும் ட்ராஃபிக்கை நிறுத்த ஐந்து முறை ப்ரீபெண்ட் (பாத்தை நீளமாகக் காட்ட நம் ஏஎஸ் எண்ணையே திரும்பச் சேர்ப்பது) செய்தேன், பிறகு எட்டு முறை. இன்னும் வருகிறது.

பதில்: இருபது முறை செய்தாலும் வரும். வெளியே போகிற வழியை நீங்கள் முடிவு செய்கிறீர்கள், உள்ளே வருகிற வழியை அடுத்தவர் முடிவு செய்கிறார். பேக்கப் ஐஎஸ்பிக்கு நீங்கள் காசு கொடுக்கும் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் வழிக்கு அதிக லோக்கல் ப்ரெஃபரன்ஸ், பியருக்கு (காசில்லாமல் ட்ராஃபிக் பரிமாறும் நெட்வொர்க்) அதைவிடக் குறைவு, டிரான்ஸிட்டுக்கு (அவர்களே காசு கொடுத்து வாங்கும் இணைப்பு) எல்லாவற்றையும்விடக் குறைவு என்று பெரும்பாலான ஐஎஸ்பிகள் வைத்திருக்கும், பணம் வருகிற பக்கம்தான் முதலில். லோக்கல் ப்ரெஃபரன்ஸ் ஏஎஸ் பாத்துக்கு முந்தைய படி என்பதால் உங்கள் எட்டு ப்ரீபெண்டை அந்த ரூட்டர் எண்ணிக்கூடப் பார்க்காது. அந்த ஐஎஸ்பியும், அதையே நம்பியிருக்கும் வாடிக்கையாளர்களும் நேராக உங்கள் பேக்கப் லைனில்தான் வருவார்கள்.

அவர்களிடம் கம்யூனிட்டி (ரூட்டோடு சேர்த்து அனுப்பும் குறிப்பு எண்) பட்டியல் கேளுங்கள். "இந்த ரூட்டுக்கு உங்கள் லோக்கல் ப்ரெஃபரன்ஸைக் குறையுங்கள்" என்று சொல்லும் ஒரு கம்யூனிட்டி அநேகமாக இருக்கும், எண் ஒவ்வொரு ஐஎஸ்பிக்கும் வேறு. போட்ட பிறகு அவர்களுடைய லுக்கிங் கிளாஸில் (அவர்கள் ரூட்டர் வைத்திருக்கும் வழிகளைக் காட்டும் இணையப் பக்கம்) உங்கள் ப்ரீஃபிக்ஸைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த எட்டு ப்ரீபெண்டையும் எடுத்துவிடுங்கள். பாத் நீளமாக நீளமாக, யாராவது தவறாக உங்கள் ப்ரீஃபிக்ஸை அறிவித்தால் அவர்களுடையது சின்னதாகத் தெரியும், ட்ராஃபிக் அங்கே போய்விடும்.

கேள்வி (பாசிர் ரிஸ்): ஒரே ஐஎஸ்பிக்கு இரண்டு லைன். மெயின் லைனில் எம்இடி 50 வைத்தேன், பேக்கப்பில் எதுவும் வைக்கவில்லை. பேக்கப்பில் வருகிறது.

பதில்: எம்இடி சிறியதாக இருந்தால்தான் நல்லது. வைக்காமல் விட்டதை சிஸ்கோ 0 என்று எடுத்துக்கொள்ளும், 0 உங்கள் 50-ஐத் தோற்கடிக்கும். இரண்டிலும் எண் வையுங்கள், மெயினில் 50, பேக்கப்பில் 100. அப்புறமும் மாறவில்லை என்றால் ஐஎஸ்பி உள்ளே வாங்கும்போதே எம்இடியை அழித்துவிடுகிறதா என்று கேளுங்கள், அப்படிச் செய்பவர்கள் நிறைய. இரண்டு வேறு ஐஎஸ்பிகளுக்கு நடுவே எம்இடி வைத்துப் பயனில்லை, சாதாரணமாக ஒரே பக்கத்து ஏஎஸ்ஸிலிருந்து வந்த வழிகளைத்தான் அதில் ஒப்பிடும்.

கேள்வி (செராங்கூன்): சென்னை அலுவலகத்துக்கு 35 மில்லிசெகண்ட் இருந்தது, திங்கட்கிழமையிலிருந்து 300-க்கு மேல். அழைப்பில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பிக்கிறார். ட்ரேஸ்ரூட்டில் (வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரையும், அதற்குப் போய்வரும் நேரத்தையும் காட்டும் கமாண்ட்) எங்கள் பக்கம் எல்லாம் சுத்தம், சென்னைக்குள் நுழைந்ததும்தான் எகிறுகிறது. அப்படியானால் கோளாறு சென்னையில்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும், அதாவது 1,000 கிலோமீட்டருக்குப் போய்வர 10 மில்லிசெகண்ட். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குக் கடலடியில் 3,000 கிலோமீட்டர் சொச்சம். 2002-இல் வந்த ஐ2ஐ கேபிள் இந்த இரண்டு ஊரையும் நேராக இணைப்பதுதான். அப்படியென்றால் 30-லிருந்து 35 வரை நியாயம். 300 என்றால் பாக்கெட் எங்கோ பல்லாயிரம் கிலோமீட்டர் சுற்றுகிறது, பெரும்பாலும் அமெரிக்கா வரை.

ட்ரேஸ்ரூட்டில் தெரிவது போகிற வழி மட்டும். எண்ணில் இருப்பதோ போய்வந்த நேரம். திரும்புகிற பாக்கெட் எந்த வழியில் வருகிறது என்று உங்கள் திரையில் ஒரு வரிகூட இருக்காது. சென்னையிலிருந்து உங்கள் முகவரிக்கு ஒரு ட்ரேஸ்ரூட் வாங்குங்கள், அங்கே லாஸ் ஏஞ்சலிஸ் என்று ஒரு ஹாப் பெயர் கண்ணில் பட்டால் வேலை முடிந்தது.

பிஜிபிக்குக் கிலோமீட்டர் தெரியாது, மில்லிசெகண்டும் தெரியாது. எத்தனை ஏஎஸ் தாண்டுகிறோம் என்பதை மட்டும் எண்ணும். எம்ஆர்டியில் ரயில் மாறாமல் போனால் போதும் என்று தீவையே சுற்றி வருகிறவர் மாதிரி. பசிபிக் முழுவதும் ஒரே ஏஎஸ் என்றால் அதன் கணக்கில் ஒன்றுதான். உங்கள் ஐஎஸ்பியும் சென்னை ஐஎஸ்பியும் இங்கே நெட்வொர்க்குகள் சந்தித்துக்கொள்ளும் இடமான எஸ்ஜிஐஎக்ஸிலோ ஈக்வினிக்ஸ் எக்ஸ்சேஞ்சிலோ ஒரே கட்டடத்தில் இருக்கலாம், ஆனாலும் அவர்களுக்குள் செஷன் இல்லையென்றால் சந்திக்கிற இடம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் திரும்பும். திங்கட்கிழமை அப்படி ஒரு செஷன் அறுந்ததா, சென்னைப் பக்கம் டிரான்ஸிட் மாற்றினார்களா என்று கேளுங்கள். இரண்டு பக்க ட்ரேஸ்ரூட்டையும் நேரம் குறித்து ஒரே மெயிலில் அனுப்பினால் ஐஎஸ்பியிலும் மதித்துப் பார்ப்பார்கள்.

கேள்வி (தோ பாயோ): ஒரு கான்ஃபிகும் மாற்றவில்லை, பராமரிப்புக்காக ரூட்டரை ரீபூட் செய்தோம், வழி மாறிவிட்டது.

பதில்: எல்லாப் படியிலும் இரண்டு வழியும் சமமாக இருந்திருக்கிறது, இரண்டும் ஈபிஜிபி என்றால் எது முன்னால் வந்ததோ அதை வைத்துக்கொள்ளும். ரீபூட்டில் இரண்டாவது முந்திக்கொண்டது. எது வேண்டும் என்பதை லோக்கல் ப்ரெஃபரன்ஸில் எழுதிவிடுங்கள்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் எக்ஸிட் (எங்கள் நெட்வொர்க்கிலிருந்து வெளியேறும் இணைப்பு) இருக்கிறது. டோக்கியோ ரூட்டருக்கு ஹாங்காங்தான் பக்கம், ஆனால் சிங்கப்பூர் வந்து வெளியேறுகிறது. ரூட் ரிஃப்ளெக்டர் (மற்ற ரூட்டர்களுக்கு வழிகளைச் சொல்லும் மைய ரூட்டர்) தாய் செங்கில் இருக்கிறது.

பதில்: ரிஃப்ளெக்டர் தாய் செங்கில் நின்றுகொண்டு பெஸ்ட் பார்க்கிறது, அதற்கு சிங்கப்பூர் எக்ஸிட் பக்கம். தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் டோக்கியோவுக்கு அனுப்புகிறது. ஹாங்காங் வழி இருப்பதே டோக்கியோவுக்குத் தெரியாது, தெரியாததை எப்படித் தேர்ந்தெடுக்கும்? ஆட் பாத் போட்டு இரண்டு வழியையும் அனுப்பச் சொல்லலாம், ஆர்எஃப்சி 7911. கேட்கிற ரூட்டரின் இடத்திலிருந்து கணக்குப் போடும் முறையும் உண்டு, ஆர்எஃப்சி 9107. சின்ன நெட்வொர்க் என்றால் வடக்கே இன்னொரு ரிஃப்ளெக்டர் வைப்பது சுலபம்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவி): அக்கா, ரூட்டர் வாங்கப் பணமில்லை, எப்படிப் பழகுவது?

பதில்: எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டர் மென்பொருள் இலவசம், உங்கள் மடிக்கணினியில் நாலு கன்டெய்னர் (தனித்தனி கணினி போல ஓடுபவை) ஓடும். நாலையும் நாலு ஏஎஸ் ஆக்கி வட்டமாக இணைத்து, முதல் ரூட்டரில் ஒரு ப்ரீஃபிக்ஸை அறிவியுங்கள். எதிரே இருக்கும் மூன்றாவது ரூட்டருக்கு இரண்டு பக்கமும் சம நீளத்தில் வழி வரும். அங்கே அந்த ப்ரீஃபிக்ஸைக் கேட்டால் பெஸ்ட் என்பதற்குப் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதிக்காட்டும். முதலில் அந்தக் காரணத்தை நோட்டில் ஊகித்து எழுதுங்கள், பிறகு கமாண்டைத் தட்டுங்கள். அடுத்து ஒரு பக்கம் ஒரு ப்ரீபெண்ட், அதற்கு மேல் லோக்கல் ப்ரெஃபரன்ஸ், அதற்கு மேல் வெயிட் என்று ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஊகித்துவிட்டுப் பாருங்கள். எங்கே ஊகம் தப்புகிறதோ அந்த வெளியீட்டை அப்படியே எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.