ஹெர்பிஸ் 'பாசிட்டிவ்', 45,000 ரூபாய் கோர்ஸ்: கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 28. நாற்பது நாளைக்கு முன் நண்பர்களோடு வெளியூர் போன இடத்தில் ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொண்டேன். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. பயத்தில் போன வாரம் தனியார் லேபில் 'ஃபுல் பேக்கேஜ்' டெஸ்ட் எடுத்தேன். எச்.ஐ.வி. நெகட்டிவ், வி.டி.ஆர்.எல். நெகட்டிவ். 'ஹெர்பிஸ் 1, 2 ஐஜிஜி' மட்டும் பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. லேபில் இருந்தவரே ஒரு கிளினிக் நம்பர் கொடுத்தார். வைரஸ் ரத்தத்தில் பரவிவிட்டது, ஆறு மாத கோர்ஸ் எடுத்தால் வேரோடு போகும், 45,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். 5,000 முன்பணம் கட்டிவிட்டேன். மூன்று மாதத்தில் கல்யாணம். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயம். நான் கல்யாணம் செய்துகொள்ளலாமா?

பதில்: மீதி 40,000 ரூபாயைக் கட்டாதீர்கள் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய சில பரிசோதனைகள் இருக்கின்றன. அவற்றில் பாதி உங்கள் 'ஃபுல் பேக்கேஜில்' இல்லவே இல்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

முதலில் அந்த ஹெர்பிஸ் ரிப்போர்ட். ஹெர்பிஸ் வைரஸில் இரண்டு வகை. ஒன்றாம் வகை பெரும்பாலும் உதட்டோரத்தில் கொப்புளமாக வருவது, காய்ச்சல் அடித்த பிறகு பலருக்கும் வந்து போகும். சின்ன வயதில் பெரியவர்கள் கொஞ்சி முத்தமிட்டதிலேயே தொற்றியிருக்கும். உலகத்தில் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டாம் வகைதான் பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது. உங்கள் லேப் இரண்டையும் ஒரே டெஸ்ட்டில் கலந்து பார்த்து, ஒரே எண்ணைப் போட்டிருக்கிறது. எந்த வகை என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கிளினிக்காரராலும்தான்.

ஐஜிஜி என்பது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், அம்மைத் தழும்பு மாதிரி. எப்போதோ தொற்றியதற்கான அடையாளம், அவ்வளவே. நாற்பது நாளைக்கு முன் தொற்றியதா, நான்கு வயதில் தொற்றியதா என்று அது சொல்லாது. புதிதாகத் தொற்றியவருக்கு இந்த டெஸ்ட் பாசிட்டிவ் ஆகவே சில வாரத்திலிருந்து மூன்று நான்கு மாதம் வரை ஆகலாம். ஆகவே உங்களுடையது அந்தப் பயணத்துக்கு முன்பிருந்தே இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். புண்ணோ கொப்புளமோ இல்லாதவருக்கு இந்த ரத்தப் பரிசோதனை செய்யவே வேண்டாம் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு நிபுணர் குழு 2023-இலும் மறுபடி சொல்லிவிட்டது. இங்கே எந்த பேக்கேஜைப் பிரித்தாலும் முதல் வரிசையில் இதுதான் உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்தவர் பயப்படுவார். பயந்தவரிடம் கொடுக்க லேபில் ஒரு போன் நம்பர் தயாராக இருக்கும். அனுப்பும் ஒவ்வொரு தலைக்கும் கமிஷன் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டை உங்களைக் கேட்காமலே அந்த கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

'வேரோடு போகும்' என்ற பேச்சு வந்ததுமே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். ஹெர்பிஸ் வைரஸ் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கிருந்து அதைத் துரத்தும் மருந்து இன்றைக்கு எந்த வைத்தியத்திலும் இல்லை. கொப்புளம் வந்தால் அதைச் சீக்கிரம் ஆற வைக்க அசைக்ளோவிர் மாத்திரை உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்களுக்கு நிறம் நிறமாக மருந்துப் பொட்டலம் வைத்திருப்பார்கள். சீழ் வந்தால் சாம்பல் நிறம், ஹெர்பிஸ் கொப்புளத்துக்குச் சிவப்பு. அந்தச் சிவப்புப் பொட்டலத்தில் இருப்பது அசைக்ளோவிர்தான், ஏழு நாள் மாத்திரை, இலவசம். உங்களுக்குக் கொப்புளமே இல்லை என்பதால் அதுவும் தேவையில்லை.

பால்வினை நோயைக் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்வதே குற்றம், 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆண்மைக் குறைவும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் சுவரைப் பாருங்கள். 'பரம்பரை வைத்தியர் இன்ன தேதி மதுரை, இன்ன தேதி ஈரோடு, லாட்ஜ் அறை எண் இது' என்று போஸ்டர். ராத்திரி டிவியைப் போட்டாலும் அதே முகங்கள். பிடிக்க வேண்டியவர்களும் அதே பஸ் ஸ்டாண்டைக் கடந்துதான் ஆபீசுக்குப் போகிறார்கள். இவர்கள் கொடுக்கும் பஸ்பம், லேகியம் சாப்பிட்டு சிறுநீரகம் கெட்டுப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் உங்களிடமும் சுய இன்பப் பழக்கம் உண்டா, தூக்கத்தில் விந்து போகிறதா என்று கேட்டு, நரம்புத் தளர்ச்சி என்று இன்னொரு கோர்ஸ் ஆரம்பிப்பார்கள். அந்த இரண்டுமே நோய் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சரி, நிஜமாகப் பார்க்க வேண்டியவற்றுக்கு வருவோம்.

எச்.ஐ.வி. டெஸ்ட்டை நீங்கள் கொஞ்சம் முன்னாடியே எடுத்துவிட்டீர்கள். ரத்தக் குழாயில் ரத்தம் எடுத்து லேப் மெஷினில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால், உறவு நடந்து 45 நாள் கழித்து வரும் நெகட்டிவை நம்பலாம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கும் டெஸ்ட் என்றால் 90 நாள் வேண்டும். உங்களுக்குச் செய்தது எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே 45 நாள் தாண்டி ஒரு தடவை, 90 நாள் தாண்டி ஒரு தடவை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று யார் இழுத்தாலும் கேட்காதீர்கள். இந்த டெஸ்ட்டுக்கு அரசு ஆஸ்பத்திரியில் 'நம்பிக்கை மையம்' என்று தனி அறை உண்டு. நேராக அங்கேயே போகலாம். ஆலோசகர் ஒருவர் தனியாக உட்கார வைத்துப் பேசி, உங்கள் சம்மதம் வாங்கி, பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். செலவு இல்லை. முடிவை உங்கள் கையில்தான் கொடுப்பார்கள். எச்.ஐ.வி. நிலையைச் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து நீங்கள் போன லேபில் என்ன நடந்தது? சம்மதப் படிவம் கொடுத்தார்களா? உட்கார வைத்துப் பேசினார்களா? ஒரு புரோக்கருக்குத்தான் தெரிய வைத்தார்கள்.

அதற்காக அரசு ஆஸ்பத்திரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. 'பால்வினை நோய்ப் பிரிவு' என்று ஆளுயரத்துக்கு போர்டு வைத்து, அதற்கு நேர் எதிரே மருந்து வாங்கும் கியூவை நிற்க வைக்கிற மேதைகள் நம்மிடம் உண்டு. சீட்டு போடுகிறவர் 'என்ன பிரச்சினை?' என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி கேட்பார். ஆலோசகர்களோ வருஷக்கணக்கில் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கிறவர்கள். நீங்கள் ஓ.பி. சீட்டு போடும்போது 'தோல்' என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே துறைதான். டாக்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு விஷயத்தைச் சொன்னால் போதும். திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தெரிந்தவர் யாராவது பார்ப்பார்கள் என்று தோன்றினால் கோயம்புத்தூர் போங்கள்.

அடுத்தது சிபிலிஸ், ஊரில் மேகப்புண் என்பார்கள். வி.டி.ஆர்.எல். அதற்கான டெஸ்ட். இதையும் 90 நாள் கழித்து ஒரு தடவை எடுக்க வேண்டும். நடுவில் பிறப்புறுப்பில் வலியில்லாத புண் ஏதாவது வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். வலிக்காது, சில வாரத்தில் தானாகவே ஆறியும் போகும். ஆறிவிட்டது என்று விடுகிறவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே வேளை ஊசி.

இப்போது உங்கள் பேக்கேஜில் இல்லாதவை. கொனோரியா, கிளமிடியா என்று இரண்டு கிருமிகள். கிளமிடியா தொற்றிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. நீங்களும் 'எந்தத் தொந்தரவும் இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இது மனைவிக்குத் தொற்றினால் அவருக்கும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, உள்ளே கருக்குழாய் அடைபடும்வரை. அப்புறம் குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாக, கிளினிக் கிளினிக்காக அந்தப் பெண்ணை அலைய விடுவார்கள். கல்யாணத்துக்கு முன் நீங்கள் கவலைப்பட வேண்டியது இதற்கு. இதற்குச் சிறுநீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் சிறுநீரைக் கொடுக்க வேண்டும், நடுவில் வருவதை அல்ல. நாற்பது நாள் ஆகிவிட்டதால் இப்போதே எடுக்கலாம். பெரும்பாலான அரசு ஆஸ்பத்திரிகளில் இது கிடையாது, நல்ல தனியார் லேபில்தான் எடுக்க வேண்டியிருக்கும். அறிகுறியோடு வருகிறவருக்குப் பொட்டலம் கொடு என்பதுதான் நம் நாட்டு ஏற்பாடு. அறிகுறி இல்லாதவர் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை.

பயத்தில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அசித்ரோமைசின், செஃபிக்சிம் மாதிரி ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். டெஸ்ட் முடிவு குழம்பும், கொனோரியாவும் மருந்துக்கு அடங்காமல் போய்க்கொண்டிருக்கிறது. உறவில் தொற்றி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யும் பார்த்துவிடுங்கள். இல்லை என்று வந்தால் தடுப்பூசி, உடனே ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று.

ஹெர்பிஸைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்றால், ஒரு விஷயத்தில் வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதை எழுதாமல் விட்டால் நானும் அரைகுறையாகச் சொன்னவன் ஆவேன். பிறப்புறுப்பில் சின்னச் சின்னக் கொப்புளம் கொத்தாக வந்து, எரிந்து, உடைந்து புண்ணானால் அது ஹெர்பிஸாக இருக்கலாம். ரத்த டெஸ்ட் எடுக்காதீர்கள், புண்ணைக் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் போனால் புண்ணிலிருந்தே பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பார்க்கலாம், எந்த வகை என்றும் தெரிந்துவிடும். போகிற வழியில் கடைக்காரர் தரும் படைக் களிம்பைத் தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, தடவினால் உருவமே மாறிப்போய் டாக்டருக்கும் குழப்பம். புண் இருக்கும் நாட்களில் உறவு வேண்டாம், ஆணுறை போட்டாலும் வேண்டாம், அது மூடாத இடத்திலும் புண் இருக்கும். பின்னால் மனைவி கர்ப்பமாகும்போது, உங்களுக்கு இப்படி வந்ததுண்டு என்றால், மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாய்க்கு முதல் தடவையாக ஹெர்பிஸ் தொற்றினால், பிரசவத்தில் குழந்தைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் அந்த மாதங்களில் உறவைத் தவிர்க்கலாம், மாத்திரை கொடுக்கலாம், பிரசவ நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்யலாம். தாய்க்குப் பல வருஷமாக இருந்துவரும் ஹெர்பிஸில் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு, வயிற்றில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புச் சக்தி அதற்கும் கிடைத்துவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி புண் வந்ததுண்டா என்பதுதான். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த எண்ணைக் கொண்டுபோய் யாரையும் கலவரப்படுத்த வேண்டாம்.

கல்யாணத் தேதிக்குள் 90 நாள் கடந்துவிடும், ஆகவே எல்லா முடிவும் கைக்கு வந்துவிடும். எல்லாம் நெகட்டிவ் என்றால், நடந்ததைக் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி, நான் தலையிட மாட்டேன். சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா இவற்றில் ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்றால் சிகிச்சை முடியும் வரை தேதியைத் தள்ளுங்கள். எச்.ஐ.வி. என்றால் அவருக்குச் சொல்லாமல் தாலி கட்டக்கூடாது. எப்படிச் சொல்வது என்று நம்பிக்கை மைய ஆலோசகரே கூட இருந்து உதவுவார். நேரில் போவதற்கு முன் போனில் பேச வேண்டும் என்றால் 1097, கட்டணமில்லாத எண், பெயர் சொல்லத் தேவையில்லை.

அந்த 5,000 ரூபாய்க்கு பில் கேளுங்கள். தர மாட்டார்கள். தந்தால் அதையும், அங்கே டாக்டர் என்று உட்கார்ந்திருப்பவரின் பதிவு எண்ணையும் குறித்துக்கொண்டு, மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதலாம். பணம் திரும்பி வரும் என்று எண்ணாதீர்கள். வீட்டில் சொல்லிவிடுவோம் என்று மிரட்டினால் போலீசுக்குப் போவேன் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நம்பரை பிளாக் செய்யுங்கள். இவர்களில் சிலர் கேட்காமலே கேஷ் ஆன் டெலிவரியில் மருந்துப் பார்சல் அனுப்புவார்கள். வீட்டில் அம்மாவோ தம்பியோ காசு கொடுத்து வாங்கிவிடாமல், உங்கள் பெயருக்குப் பார்சல் வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லி வையுங்கள்.