மைனஸை அழிக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,
என் மகள் ஏழாம் வகுப்பு. −7 − 3 = 10 என்று எழுதிவிட்டு, "மைனஸும் மைனஸும் பிளஸ்னு டியூஷன்ல சொன்னாங்க" என்கிறாள். மட்டு மதிப்பு என்றால் மைனஸை அழித்துவிட வேண்டுமாம். டியூஷனை மாற்றலாமா? அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா?
— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

டியூஷனை மாற்றுவது உங்கள் விருப்பம். அபாகஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குழந்தையைத் திட்டியிருந்தால் அதுதான் தப்பு. சொல்லிக்கொடுத்ததை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். அந்த விதி பெருக்கலுக்கு உரியது. பெருக்கல் என்ற சொல்லை விட்டுவிட்டு மந்திரம்போல ஓதவைத்தால், இரண்டு மைனஸைக் கண்ட இடத்திலெல்லாம் பிள்ளை ஓதத்தான் செய்யும்.

கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இலேயே கூட்டலையும் பெருக்கலையும் பிரித்து எழுதிவிட்டார். மைனஸ் எண்ணைக் கடன் என்றார், பிளஸ் எண்ணைச் செல்வம் என்றார். கடனோடு கடனைக் கூட்டினால் கடன். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம். பெட்டிக்கடை வைத்திருந்த என் பெரியம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. பழைய பாக்கி ஏழு ரூபாய், இன்று மூன்று ரூபாய்க்குச் சாமான் என்றால், நோட்டில் பத்து ரூபாய் பாக்கி என்று எழுதுவார். அதே ஆள் மூன்று ரூபாய் கொடுத்திருந்தால், நான்கு ரூபாய் பாக்கி. ஏழு பெரிதா மூன்று பெரிதா என்று பார்த்து, கழித்து, பெரியது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எழுதுவது. அப்போது குறியை விட்டு அளவை மட்டும் பார்க்கிறோமே, அதுதான் மட்டு மதிப்பு. கூட்டலுக்குள்ளேயே அது இருக்கிறது.

'மைனஸை அழி' என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எண்ணின் இரு பக்கமும் நிற்கும் கோடுகள் மட்டு மதிப்பைக் குறிக்கும். |−5| = 5 வரை அது ஓடும். மேல் வகுப்பில் 'க' என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு |−க| எவ்வளவு என்பார்கள். மைனஸை அழித்துப் பழகியவள் 'க' என்று எழுதுவாள். அந்தக் 'க' −5 ஆக இருந்தால்? |−க| என்பது 5, அவள் எழுதியதோ −5. மட்டு மதிப்பு என்பது பூஜ்ஜியத்திலிருந்து இருக்கும் தூரம். தூரம் மைனஸில் வருமா? இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அழிக்கக் கற்றுக்கொடுப்பது குழந்தையை ஏமாற்றுவது.

ஓர் எண் கோடு வரையுங்கள். −7இல் விரலை வைத்து 3 வரை எத்தனை படி என்று எண்ணட்டும். பத்து வரும். ஓர் எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்து மட்டு மதிப்பு எடுத்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் வரும். அந்தத் தூரம்தான் |−7 − 3|. அவள் எழுதிய 10 இந்தக் கேள்விக்குச் சரியான விடை. அதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிறகு −7இலிருந்து இடப்பக்கம் மூன்று படி போகட்டும், −10இல் போய் நிற்பாள். −7 − 3இன் விடை அது. இரண்டையும் செய்தபின் |−7 + 3| எவ்வளவு என்று கேளுங்கள். பதிலை அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.