உடைந்த பாலத்தைக் கசக்க விடாதீர்கள்

கே: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காகிதப் பாலம் செய்யக் கொடுத்தேன். உடைந்ததும் கசக்கி எறிந்துவிட்டு அடுத்த தாளை எடுக்கிறார்கள். நாலு பாலம் உடைந்தது, நாலிலும் அதே தப்பு. என்ன செய்யலாம்?
— ஆசிரியை, தருமபுரி

ப: முதலில் குப்பைக்கூடையை வகுப்புக்கு வெளியே வையுங்கள். உடைந்த பாலம்தான் அன்றைய பாடம்.

ஒவ்வொரு முறையும் குழுவுக்கு இரண்டே ஏ4 தாள்: ஒன்று பாலத்துக்கு, மற்றது ஒட்டுப் போட. இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே 20 செ.மீ. இடைவெளி. தாளின் நீளம் 29.7 செ.மீ. என்பதால் இருபுறமும் 5 செ.மீ. போல உட்காரும். நீளவாக்கில் 1.5 செ.மீ. விசிறி மடிப்பாக மடித்தால் 14 பட்டை வரும். நடுவில் 5 செ.மீ. சதுர அட்டை வைத்து, அதன்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக வைக்கட்டும். மேலிருந்து போட்டால் எடையோடு அதிர்ச்சியும் சேர்ந்துவிடும். நாணயம் கலக்கக் கூடாது: 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை 3.09 கிராம். கலந்துவிட்டு ‘எங்க பாலம் 40 காசு தாங்கிச்சு’ என்றால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

எடை ஏற்றுமுன் எங்கே உடையும் என்று தாளிலேயே பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். உடைந்தபின் ஒரு நிமிடம் யாரும் தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான்.

மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து தட்டையாகிக் கிடக்கிறதா? தாங்கிக்கொண்டிருந்தது மடிப்பின் உயரம். அது போனதும் பலம் போனது. அடியில் குறுக்கே 2 செ.மீ. பட்டை ஒன்றை ஒவ்வொரு மடிப்போடும் ஒட்டினால் விரியாது. முகடு நடுவில் நொறுங்கியிருந்தால் கதை வேறு. பாலம் வளையும்போது கீழ்ப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அமுங்கும். தாள் இழுவைக்கு ஈடுகொடுக்கும், அமுக்கினால் நெளிந்துவிடும். ஆகவே ஒட்டு முகட்டுக்குத்தான். மடிப்பெல்லாம் அப்படியே இருக்க, பாலம் மட்டும் விழுந்து கிடந்தால் முனை வழுக்கியிருக்கிறது. அப்போது பாலத்தில் இன்னும் தாள் ஒட்டுவது வீண் வேலை. பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள்!

அடுத்த பாலத்தில் ஒரே ஒரு மாற்றம். உதாரணமாக 3 செ.மீ. மடிப்பு, 7 பட்டை. உயரம் கூடும், ஆனால் உயரமான மெல்லிய சுவர் சீக்கிரம் நெளியவும் பார்க்கும். எது ஜெயிக்கிறது என்று செய்துதான் பார்க்க வேண்டும். கை மடிப்பு ஒன்றுபோல் ஒன்று இராது. ஒவ்வொரு வகையிலும் மூன்று செய்தால்தான் ஒப்பிட முடியும்.

கே: இதற்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ப: 10-இல் எடைக்கு 2 போதும். உடைந்த இடத்தைக் கண்டு காரணம் சொன்னதற்கு 4, அதற்கேற்ற மாற்றம் செய்ததற்கு 4. மாற்றிய பாலம் குறைவாகத் தாங்கினாலும் அந்த 4-இல் கை வைக்காதீர்கள். எல்லாம் எடைக்கே என்றால், இரண்டாம் தாளையும் பசையில் முக்கிக் கட்டையாக்கிக் கொண்டுவருவார்கள்.

கே: வகுப்பில் சொல்ல நிஜப் பாலம் ஏதாவது?

ப: கனடாவின் கியூபெக் பாலம். நடுத்தாவலை, அதாவது இரு தூண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை, 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள். பாலத்தின் சொந்த எடையைச் சரியாகத் திரும்பக் கணக்கிடவில்லை. இருபுறத் தூண்களிலிருந்தும் கை நீட்டும் வகை அது. காகிதப் பாலத்துக்கு நேர்மாறாக, அதில் அமுங்குவது கீழ் உறுப்புகள். 1907 கோடையில் அவை வளையத் தொடங்கியதை வேலையிடத்திலேயே அளந்து பார்த்தார்கள். ‘தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வளைந்துதான் இருந்தது’ என்று வாதம் நடந்தது. ஆகஸ்ட் 29 அன்று, இனி எடை ஏற்றாதீர்கள் என்று ஆலோசகர் தியோடர் கூப்பர் நியூயார்க்கிலிருந்து தந்தி அடித்தார். தந்தி போனது பாலத்துக்கு அல்ல, பென்சில்வேனியாவில் இருந்த, பாலத்தைக் கட்டிய கம்பெனிக்கு. அன்று மாலை வேலை முடியும் நேரத்தில் பாலம் சரிந்தது. 75 பேர் இறந்தார்கள். நொறுங்கிய காகித முகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லுங்கள்.