குளிரான மலையில் ஏறும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

கேள்வி: "திருகோணமலையிலிருந்து குடும்பமாகச் சிவனொளிபாத மலைக்கு முதன்முறையாகப் போகிறோம். ஓர் ஆளுக்கு எத்தனை போத்தல் தண்ணீர் கொண்டுபோக வேண்டும்? அங்கே குளிர் என்பதால் குறைவாகக் கொண்டுபோனால் போதுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. நம் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் யாரும் யாருக்கும் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலும் வியர்வையுமே அதை நினைவூட்டிவிடும். அப்படி வெக்கையை நம்பியே தண்ணீர் குடித்துப் பழகிய நாம், அந்த வெக்கை இல்லாத இடத்துக்குப் போனதும் குடிப்பதையே மறந்துவிடுகிறோம். உடலோ அங்கும் நீரை இழந்துகொண்டுதான் இருக்கும். குளிரில் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் நடுப்பகுதியில் கூடுதலாகச் சேர்வதால், நீர் போதுமான அளவு இருப்பதாக உடல் எடுத்துக்கொள்கிறது. அதனால் தாகம் மங்குகிறது, சிறுநீரும் அதிகமாகப் பிரிகிறது. படி ஏறும்போது வேகமாக வாங்கும் ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் ஈரம் வெளியேறுகிறது. வியர்வையும் நின்றுவிடுவதில்லை. பாதி வழியில் நின்று ஜக்கெற்றைக் கழற்றிப் பாருங்கள், சேட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் என் அனுபவத்தில், நம் ஊரார் நீரிழப்புக்கு ஆளாவது மலையில் அல்ல, பஸ்ஸில்தான். ஹபரணை, தம்புள்ளை, கண்டி, ஹட்டன் என்று நீளும் அந்தப் பயணத்தில், வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காதே என்ற கவலையில் பெண்களும் வயதானவர்களும் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்த்துக்கொண்டு வருவார்கள். இரவு மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணி என்ற ஊரில் இறங்கி, அரைத் தூக்கத்தோடு நடக்கத் தொடங்கும்போதே உடல் வறண்டிருக்கும். ஆகவே, உங்கள் குழுவை நடத்திச் செல்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, கழிப்பறை உள்ள இடங்களில் வாகனத்தை நிறுத்துவதற்குச் சாரதியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான். அது உறுதியாகிவிட்டால் எல்லோரும் தாமாகவே குடிப்பார்கள். நடக்கத் தொடங்குவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் ஆளுக்கு அரை லீற்றர் அளவு குடித்துவிட்டால், மேலதிகமாக உள்ளது வெளியேறுவதற்கும் நேரம் இருக்கும்.

இனி அளவைச் சொல்கிறேன். நல்லதண்ணி வழியில் உச்சி வரை ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தூரம். 5000-க்கு மேற்பட்ட படிகள். உச்சியின் உயரம் 2243 மீற்றர். நிதானமாகச் செல்லும் குடும்பத்துக்கு ஏறவும் இறங்கவுமாக ஆறு, ஏழு மணித்தியாலமாவது எடுக்கும். மணிக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கணக்கிட்டாலும் வளர்ந்த ஒருவருக்கு இரண்டரை முதல் மூன்று லீற்றர் தேவைப்படும். மார்கழிப் பூரணை தினத்தில் தொடங்கி வைகாசிப் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலத்தில் வழி நெடுகத் தேநீர்க் கடைகள் இருக்குமாதலால், ஓர் ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தலைச் சுமந்தால் போதும், மிகுதியை வாங்கிக்கொள்ளலாம். மேலே போகப் போக விலை கூடும், அவ்வளவுதான். மற்ற மாதங்களில் கடைகளை நம்பி ஏறக் கூடாது. முழு அளவையும் முதுகிலேயே சுமக்க வேண்டும். மூன்று லீற்றர் என்றால் மூன்று கிலோ பாரம் என்பதால், பையிலுள்ள தேவையற்ற மற்றப் பொருட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குடிக்கிறோம் என்பதைப் போலவே எப்படிக் குடிக்கிறோம் என்பதும் முக்கியமானது. ஒவ்வொரு முறை இளைப்பாற உட்காரும்போதும் நாலைந்து மிடறு குடித்தால் போதும். தண்ணீர் நல்லதுதானே என்று வெறும் தண்ணீரை மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் தொடர்ந்து குடிப்பதும் ஆபத்தானது. சிறுநீரகத்தால் அவ்வளவையும் வெளியேற்ற முடியாமல் போகும்போது இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, குமட்டலும் தலைவலியும் தொடங்கி, கடுமையானால் குழப்பமும் வலிப்பும் வரை கொண்டுபோய்விடும். தாகத்தைக் கேட்டுக் குடித்தால் போதும் என்று விளையாட்டு மருத்துவர்கள் பலர் இப்போது சொல்வதற்கு இந்த அபாயமே காரணம். நான் அதை ஏற்கிறேன். ஆனால் குளிரில் தாகத்தின் குரல் தாழ்ந்துதான் ஒலிக்கும் என்பதால், கேட்பதற்காகச் சற்று நின்று உட்கார வேண்டியிருக்கிறது. குடிக்கும் அளவு போதுமா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லிவிடும். வைக்கோலின் இளமஞ்சள் நிறத்தில் இருந்தால் சரி, கடும் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. விற்றமின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் உள்ள பி2 விற்றமினே சிறுநீரை மஞ்சளாக்கிவிடும்.

வியர்வையோடு போகும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும். இதற்கு விலை உயர்ந்த விளையாட்டுப் பானங்கள் தேவையில்லை. பார்மசியில் கிடைக்கும் ஜீவனி பக்கெற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) இரண்டு, மூன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் குறித்துள்ள அளவு தண்ணீரிலேயே கரைக்க வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது கைவசம் இல்லாதபோது, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, விரும்பினால் தேசிக்காய் பிழிந்துகொள்ளலாம். தெருவோரத்தில் விற்கும் செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய இருந்தாலும் சோடியம் குறைவாகவே இருக்கும். அதைக் குடித்துவிட்டு ஒரு பிடி உப்புக் கச்சான் கடலையையும் சாப்பிட்டால் கணக்குச் சரியாகும். தேநீர் குடித்தால் உடல் வறண்டுவிடும் என்று பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று கோப்பைத் தேநீரும் நீர்க் கணக்கிலேயே சேரும். சாராயம் சேராது. குளிருக்கு இதமாக இருக்கும் என்று அதை எடுத்து வரும் மாமாமார் எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருப்பார்கள், அவரிடம் முன்னரே சொல்லிவையுங்கள்.

ஒரு முறை எங்களுடன் வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் பாதி வழியில் படியோரமாக உட்கார்ந்து, தலை இடிக்கிறது, இனி ஏற மாட்டேன் என்றார். உதடு வெடித்திருந்தது, பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கூட வந்தவர்கள் உயரம் ஒத்துவரவில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேல்தான் தொடங்கும். நம் நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால மலையே 2524 மீற்றர்தான். விசாரித்தபோது, தம்புள்ளைக்குப் பிறகு அவர் எதையும் குடிக்கவில்லை என்று தெரிந்தது. ஜீவனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட வைத்து, அரை மணித்தியாலம் காற்றுப் படாமல் போர்த்தி உட்கார வைத்த பின் அவரே எழுந்து நடந்தார். அப்படித் தெளியாமல், பேச்சுக் குழறினாலோ தள்ளாடினாலோ, மேலே ஏறுவதை விட்டுவிட்டு உடனே கீழே இறக்கி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வழியில் ஓடும் சீதகங்குல முதலிய ஓடைகளின் நீர் பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கும். முகம் கழுவலாம், குடிக்க வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால், 2000 மீற்றருக்கு மேல் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிப்பதால், மூன்று நிமிடமாவது கொதிக்க வைக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீரில் கலந்திருக்கக்கூடிய கிருமிநாசினியும் உரமும் கொதிக்க வைத்தாலும் போகாது என்பதால், அந்த நீரை நான் எந்த நிலையிலும் குடிப்பதில்லை.

இறங்கும்போதுதான் போத்தல்கள் காலியாக இருக்கும். சூரிய உதயம் பார்த்த மகிழ்ச்சியில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. எட்டு மணியாகும்போது வெயில் ஏறிவிடும், மேல்பகுதியில் நிழலும் குறைவு. ஆகவே உச்சியை அடையும்போது ஆளுக்கு அரை லீற்றராவது மிச்சம் இருக்கும்படி திட்டமிடுங்கள். குழுவில் இரத்த அழுத்தத்துக்காக நீர்போகும் மாத்திரை எடுப்பவர்களோ, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களோ இருந்தால், நான் சொன்ன நீரின் அளவும் உப்பின் அளவும் அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அவர்கள் கிளினிக்குக்குப் போகும் நாளில் வைத்தியரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவின்படியே நடக்க வேண்டும்.