முதல் இன்டர்னலில் 60க்கு 14: படிப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து பிளஸ் டூவில் 600க்கு 531 எடுத்தேன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. கிடைத்தது. ஹாஸ்டலில் இருக்கிறேன். முதல் இன்டர்னலில் கணக்கில் 60க்கு 14 மார்க். பள்ளியில் கணக்கில் நான்தான் முதல். இங்கே ஆங்கிலத்தில் நடத்துவது பாதி புரியவில்லை, எழுந்து சந்தேகம் கேட்கவும் வாய் வரவில்லை. வெள்ளி மதியமே ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறேன், திங்கள் மதியம்தான் திரும்புகிறேன். ராத்திரி ஒரு மணி வரை படித்தும் எதுவும் மனதில் நிற்கவில்லை. "முடியலேன்னா வந்துடு, இங்கயே ஆர்ட்ஸ் காலேஜ்ல சேத்துடலாம்" என்கிறார் அப்பா. என்ன செய்வது?

பதில்:

தம்பி, கணக்கில் முதல் மார்க் எடுத்தவர் நீங்கள். முதலில் அந்த 14-ஐயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, பல்கலைத் தேர்வு 60. தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், பல்கலைத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். உங்கள் ஆண்டுக்கு ரெகுலேஷன் மாறியிருக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதி வேறு. கையேட்டை வாங்கிப் பாருங்கள், கணக்கின் போக்கு இதுதான். இன்டர்னலில் இரண்டு மதிப்பீடுகள். ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட் 40. இரண்டும் சேர்ந்த 200-ஐ 40 ஆகச் சுருக்குவார்கள். நீங்கள் 14 எடுத்த இடத்தில் 30 எடுத்திருந்தால் கூடுதலாக என்ன கிடைத்திருக்கும்? 16 மார்க், சுருக்கினால் 3.2. உங்களை ஊருக்கே திரும்பிவிட நினைக்கவைத்த அந்தத் தேர்வு, உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது நூற்றுக்கு மூன்று மார்க்தான்.

அசைன்மென்டில் 30 வாங்கியிருந்தால் முதல் மதிப்பீட்டில் உங்களுக்கு 44. இரண்டாவதில் 65 எடுத்தால் இன்டர்னல் 21.8. அப்புறம் பல்கலைத் தேர்வில் நூற்றுக்கு 47 எடுத்தாலே அது 60-க்கு 28.2, மொத்தம் 50, பாஸ். இது உங்களால் முடியாத எண்ணா?

மார்க்கை விட எனக்குக் கவலை தருவது அந்த வெள்ளிக்கிழமைப் பஸ்தான். வெள்ளியில் அரை நாள், திங்களில் அரை நாள் என்றால் வாரம் ஒரு நாள் போகிறது. செமஸ்டரில் 75 வேலை நாள் என்று வைத்தால் 15 நாள் போய், வருகை 80 சதவீதத்தில் நிற்கும். அதன் மேல் காய்ச்சலில் நான்கு நாள் படுத்தாலும் தேர்வு எழுதத் தேவையான 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். 14 மார்க்கைச் சரிசெய்ய வழி இருக்கிறது. வருகை குறைந்து தேர்வு எழுத முடியாமல் போனால் அந்த வழியே அடைபட்டுவிடும்.

வீட்டு ஏக்கம் தவறில்லை. பதினேழு, பதினெட்டு வயதில் முதல்முறையாகத் தனியாக இருப்பவருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் வாராவாரம் போய்வந்தால் அது தீராது, ஒவ்வொரு திங்களும் புதிதாக ஆரம்பிக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். ஹாஸ்டலில் பழக்கம் உண்டாவது சனி, ஞாயிறில்தான். துணி துவைக்கும் இடத்திலும் மெஸ் வரிசையிலும்தான் "அந்த மூணாவது கணக்கு உனக்கு வந்துச்சா?" என்று பேச்சு வரும். நீங்கள் அப்போது பஸ்ஸில் இருக்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போவது என்று அம்மாவிடம் தேதி சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்தால் அவருக்கும் மனம் தாங்கும்.

ஆங்கிலம் புரியவில்லை, கேட்க வாய் வரவில்லை என்று இரண்டாகச் சொல்கிறீர்கள். பல ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒன்றுதான். புரியாத சொல்லை அன்றே ஒருவரிடம் கேட்டிருந்தால் அது ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். கேட்காததால் அதன் மேல் கட்டிய அடுத்த பத்து வகுப்புகளும் புரியாமல் போகின்றன. தமிழ் வழியில் வந்தவர்கள் கணக்குத் தெரியாமல் தோற்று நான் பார்த்தது குறைவு. தெரிந்த கணக்கை வேறு பெயரில் சந்தித்து, தெரியாதது என்று நம்பிப் பின்வாங்கியவர்களே அதிகம்.

டிட்டர்மினன்ட் என்றால் உங்கள் அணிக்கோவை. இன்வர்ஸ் என்றால் நேர்மாறு. ரேங்க் என்றால் அணித்தரம். டிரைவேட்டிவ் வகைக்கெழு, லிமிட் எல்லை, கன்டினியூட்டி தொடர்ச்சி. முதல் யூனிட்டில் மிரட்டும் ஐகன் மதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்ட உறுப்புகளிலிருந்து லாம்டாவைக் கழித்து, அணிக்கோவையை விரித்து, வருகிற முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கிறீர்கள். பிளஸ் டூ முதல் தொகுதியில் முதல் பாடம் அணிகள், மூன்றாம் பாடம் சமன்பாட்டியல். அந்த இரண்டையும் சேர்த்தால் இது வந்துவிடும். விடை சரியா என்று நீங்களே பார்க்கவும் வழி உண்டு: ஐகன் மதிப்புகளின் கூட்டல் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும், பெருக்கல் அணிக்கோவையின் மதிப்பாக வர வேண்டும்.

இதற்கு ஒரு எளிய வேலை சொல்கிறேன். நம் பிளஸ் டூ கணக்குப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடங்களோடு, ஒரே கணக்குகளோடு வந்திருக்கிறது. பி.டி.எஃப். இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் அருகருகே திறந்து, நீங்கள் ஏற்கெனவே போட்ட கணக்கை ஆங்கிலப் பக்கத்தில் படியுங்கள். பொருள் தெரிந்திருப்பதால் மொழி தானாகப் பிடிபடும். தினமும் அரை மணி நேரம், அணிகள் பாடத்தில் தொடங்குங்கள். வகுப்பில் கேட்ட சொல், அதன் தமிழ், ஒரு சின்ன எடுத்துக்காட்டு என்று ஒரு நோட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். உங்களுக்கு உடனே தேவைப்படுவது பாடத்துக்கான சொற்கள்.

வகுப்பில் எழுந்து கேட்க முடியவில்லையா? சரி, எழ வேண்டாம். விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் அறைக்குப் போங்கள். "இந்த வரி வரைக்கும் வந்தேன் சார், அடுத்து எப்படிப் போறதுன்னு தெரியல" என்று தமிழிலேயே கேளுங்கள். நின்ற இடத்தைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். "ஒண்ணுமே புரியல சார்" என்றால் எங்களுக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. அவர் கடுகடுப்பானவராக இருந்தால், உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஃபேகல்ட்டி அட்வைசர் இருப்பார், அவரிடம் போகலாம். இல்லை, தமிழ் வழியில் வந்து இரண்டாம் ஆண்டில் இருக்கும் சீனியர் ஒருவரைத் தேடுங்கள். அவர் சென்ற ஆண்டு இதே இடத்தில் திணறியவராகத்தான் இருப்பார்.

இரவு ஒரு மணிப் படிப்பை நிறுத்துங்கள். பதினொன்றுக்குப் படுங்கள். தூங்காதவன் காலை வகுப்பில் கேட்பதும் நிற்காது. நீங்கள் படிப்பது, எழுதிய நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடி வைத்து நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். படித்த இரவில் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து, தேர்வில் காணாமல் போவது இதனால்தான். நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் போடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று கணக்கு போதும்.

அப்பாவிடம் கோபப்படாதீர்கள். அவர் உங்களைக் குறைவாக எடைபோடவில்லை, பிள்ளை கஷ்டப்படுவதைத் தாங்க முடியாமல் சொல்கிறார். மேலே போட்ட கணக்கை அவருக்கும் சொல்லுங்கள். முதல் செமஸ்டர் முடிவு வரும் வரை இந்தப் பேச்சைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உங்கள் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசு கட்டுகிறது. அப்படிப்பட்ட இடத்தை ஒரு டெஸ்ட்டைப் பார்த்து விடக் கூடாது. ஒருவேளை ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் திரும்ப எழுதித் தேறலாம். ஆனால் முடிவு வந்த பிறகும் இந்தப் படிப்பே பிடிக்கவில்லை என்று தோன்றினால், ஆர்ட்ஸ் காலேஜில் சேர்வது தாழ்வில்லை. அப்போது அது பயந்து எடுத்த முடிவாக இருக்காது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனாலும், எதிலும் மனம் ஒட்டாவிட்டாலும், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பக்கத்து அறைப் பையனிடமோ வார்டனிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறாமல் இருந்து பாருங்கள். சனிக்கிழமை அந்த 14 மார்க் தாளைப் பிரித்து, விட்டுப்போன கணக்குகளைத் திரும்பப் போடுங்கள். நின்றுபோன வரியில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். திங்கள் காலை அதை எடுத்துக்கொண்டு கணக்கு ஆசிரியரின் அறைக்குப் போங்கள்.