நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள அம்மாவுக்குப் புற்றுநோய்: பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு குறையும்?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூரில் இருக்கிறார். அம்மாவுக்கு 66 வயது, மார்பகப் புற்றுநோய், 2ஆம் நிலை. 15 ஆண்டுகளாக இனிப்பு நீரும் (நீரிழிவு) இரத்தக் கொதிப்பும் உண்டு. கூடவே இருக்கும் இந்த நோய்கள் அவருடைய ஆயுளை எவ்வளவு பாதிக்கும் என்று கேட்டிருக்கிறார்.

நான் மருத்துவன் அல்லன். பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு, அப்பாவை நான்கு ஆண்டுகள் புற்றுநோய்ப் பிரிவுக்கும் சிறுநீரகப் பிரிவுக்கும் மாற்றி மாற்றி அழைத்துப் போனவன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

வாய்ப்பு குறையும். அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் "அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, அதனால் வாய்ப்பு குறைவு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும். எந்தெந்த வழியாகக் குறைகிறது என்று பாருங்கள். சில வழிகளை வீட்டிலிருந்தே அடைக்கலாம்.

அப்பாவுக்கு இனிப்பு நீரும் சிறுநீரகக் கோளாறும் முன்பே உண்டு. பெருங்குடலில் புற்று என்று தெரிந்தபோது அவருக்கு வயது 68. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களாகவே அவர் சோர்ந்து போயிருந்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9. "சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் குறைவது வழக்கந்தான்" என்றார்கள். அது பொய்யில்லை, உண்மையிலேயே வழக்கந்தான். அதனால்தான் யாரும் மேற்கொண்டு தேடவில்லை. மலத்தில் இரத்தம் கண்டதை அப்பா மூலநோய் என்று எண்ணிக்கொண்டு எங்களிடம் சொல்லவே இல்லை. பழைய நோயின் கணக்கில் புதிய நோய் ஒன்பது மாதம் கடனுக்குச் சாப்பிட்டது. கண்டுபிடித்தபோது 3ஆம் நிலை.

உங்கள் அம்மா விஷயத்தில் இந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஒருவேளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய்வந்த பழக்கமேகூட அவருக்கு 2ஆம் நிலையிலேயே தெரியவருவதற்கு உதவியிருக்கலாம். பழைய நோய் இப்படி நல்லதும் செய்வதுண்டு.

அடுத்த வழி, சிகிச்சையின் அளவு குறைவது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மருந்துகள் தருவதாக இருந்தது: ஊசி வழியாக ஆக்ஸாலிபிளாட்டின், மாத்திரையாகக் கேப்சிட்டபின். சிறுநீரகம் பாதித் திறனில்கூட ஓடவில்லை என்று கேப்சிட்டபினை முக்கால் அளவாக்கினார்கள். இனிப்பு நீரால் கால் விரல்கள் முன்பே மரத்துப் போயிருந்தன. ஆக்ஸாலிபிளாட்டினும் நரம்பைத் தாக்கும் மருந்து. இரண்டு சுற்றோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆக, புத்தகத்தில் உள்ள சிகிச்சை ஒன்று, அப்பாவுக்குக் கிடைத்தது இன்னொன்று. இது மருத்துவர்களின் தவறில்லை. அந்தச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு முழு அளவு கொடுத்திருந்தால் மருந்தே ஆளை முடித்திருக்கும்.

தவறு எங்களுடையது ஒன்று உண்டு. புற்றுநோய் என்று கேட்ட நாளிலிருந்து வீட்டில் மற்ற நோய்களுக்கு மரியாதை போய்விட்டது. சர்க்கரை பார்க்கும் கருவி மைலோ டின்களுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. கிளினிக்கில் தந்திருந்த பச்சைப் புத்தகத்தில் மூன்று மாதம் ஒரு எண்கூட எழுதவில்லை. உறவினர்களோ இரண்டு கட்சி. "இனிமேல் என்ன பத்தியம், வாய்க்கு ருசியாகக் கொடுங்கள்" என்று அத்தை வெல்லப் பாயசம் வைத்து அனுப்புவார். எதிர்க்கட்சியினர் "சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி" என்று சோற்றையே நிறுத்தச் சொல்லி, டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலைக் கஷாயத்தைப் போத்தலில் கொண்டுவருவார்கள். சிறுநீரக மருத்துவர் அந்தப் போத்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எதையும் இந்தச் சிறுநீரகத்துக்குத் தர வேண்டாம் என்றார். அதோடு அந்தக் கட்சி கலைந்தது.

கீமோ நாளில் வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். அது சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் சுற்றுக்கு மறுநாள் இரவு அப்பா ஓயாமல் தண்ணீர் குடித்தார், ஓயாமல் கழிவறைக்குப் போனார். விடியற்காலையில் பேச்சு குழறியது. என் அம்மா எங்கோ துழாவிக் கருவியை எடுத்து விரலைக் குத்திப் பார்த்தார்: 21.3 mmol/L. (இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: ஏறக்குறைய 383 mg/dL.) ஐந்து நாள் வார்டு. அடுத்த சுற்று மூன்று வாரம் தள்ளிப்போனது. புற்று செய்யாத வேலையைப் பாயசமும் ஸ்டீராய்டும் எங்கள் அலட்சியமும் சேர்ந்து செய்தன.

அந்த வார்டில்தான் அப்பா சென்டோல் கேட்டார், ஐஸ் போட்ட இனிப்புப் பண்டம். வாழ்நாள் முழுவதும் பினாங்கு சாலைப் பக்கம் போனால் நின்று ஒரு கிண்ணம் குடித்துவிட்டு வருபவர். சர்க்கரைக்காக ஆகாது. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய உடம்பில் ஐஸ் பட்டால் தொண்டை இறுகுவதுபோல் இருக்கும், அதனாலும் ஆகாது. இரண்டு நோயும் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இனி எண்கள். 1987இல் நியூயார்க் மருத்துவர் மேரி சார்ல்சனும் உடன் பணியாற்றியவர்களும் கூடவே இருக்கும் நோய்களுக்குப் புள்ளி போடும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. சிக்கல் இல்லாத நீரிழிவுக்கு 1, உறுப்புகளைக் கெடுத்துவிட்ட நீரிழிவுக்கு 2, மிதமானதிலிருந்து கடுமையான சிறுநீரக நோய்வரை 2, ஏற்கெனவே வந்த மாரடைப்புக்கு 1. இரத்தக் கொதிப்புக்கு அந்தப் பட்டியலில் தனிப் புள்ளியே கிடையாது. அது இதயத்தையோ சிறுநீரகத்தையோ கெடுத்திருந்தால்தான் கணக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கைச் சரிபார்த்ததே மார்பகப் புற்றுநோய் கண்ட 685 பெண்களை வைத்துத்தான். ஆகவே "15 ஆண்டு" என்பதைவிட, அந்த 15 ஆண்டில் கண், கால், சிறுநீரகம், இதயம் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, ஏற்கெனவே நீரிழிவு இருந்த புற்றுநோயாளிகளுக்கு எந்தக் காரணத்தாலும் இறக்கும் அபாயம் மற்றப் புற்றுநோயாளிகளைவிட 41 விழுக்காடு அதிகம் என்றது. இந்த எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். குறிப்பிட்ட காலத்தில் 100 பேரில் 20 பேர் இறக்கக்கூடிய ஒரு புற்று என்று வைத்துக்கொண்டால், நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய 27 பேர் என்று ஆகும். 73 பேர் இருப்பார்கள். அந்த 27 பேரிலும் எல்லாரும் புற்றால் இறப்பவர்கள் அல்லர்.

அப்பாவும் புற்றால் இறக்கவில்லை. நான்காம் ஆண்டில், ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மாரடைப்பில் போனார். இது விதிவிலக்கு என்று நினைத்திருந்தேன். இல்லை. புற்று எவ்வளவு கட்டுக்குள் வருகிறதோ அவ்வளவுக்கு மற்ற நோய்களின் கை ஓங்கும். முற்றிய நுரையீரல் புற்றுநோயில் நீரிழிவு பெரிய வித்தியாசம் செய்ய நேரம் இருப்பதில்லை. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயில் நேரம் நிறைய இருக்கிறது. அந்த நிலையில் உள்ள வயதான பெண்கள் பலர் கடைசியில் இறப்பது இதய நோயால்தான். உங்கள் அம்மாவுக்கு 2ஆம் நிலை என்பதால்தான் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் முன்னைவிட முக்கியமாகின்றன.

நம் மலேசியாவில் 2019 சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதனால் உங்கள் அம்மாவைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவருக்கு இது புதிது அல்ல. ஆனால் அவர் முன்னால் இருக்கும் கணினியில் வேறு கிளினிக்கில் தரும் மாத்திரைகள் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். மாத்திரைப் பட்டியல் எழுதிக் கொண்டுபோவதைவிட, மாத்திரைப் பையையே கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோதுதான் ஒரே பிரஷர் மருந்து இரண்டு பெயரில் இருந்தது தெரிந்தது.

கீமோ நாளன்றும் அடுத்த இரண்டு மூன்று நாள்களும் சர்க்கரையை எத்தனை முறை பார்ப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே கேட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதாகச் சொன்னால், எந்த உறுப்புக்காகக் குறைக்கிறார்கள் என்று கேளுங்கள். "வயதாகிவிட்டது, இனிப்பு நீர் வேறு" என்பது மட்டுமே பதிலாக வந்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. மார்பகப் புற்றுக்குத் தரும் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தும் டிராஸ்டுசுமாபும் இதயத்தைத் தளர்த்தக்கூடியவை. அவற்றில் ஏதாவது ஒன்று திட்டத்தில் இருந்தால் தொடங்குவதற்கு முன்பே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். எக்கோவுக்குத் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் நாளைக் காலையே அழைத்துக் கேட்டுவிடுங்கள்.