முந்நூறு பக்க விதிப் புத்தகம் படிக்காமல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட முடியுமா?

தாராளமாக முடியும். ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாக மாறி, பேசியும் பகடை உருட்டியும் சேர்ந்து கதை நடத்தும் ஆட்டம் அது. ஆட ஆசை இருக்கிறது, ஆனால் நண்பர்கள் புத்தகத்தின் கனத்தைப் பார்த்தே பின்வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விதிகளை ஒருவர் படித்தால் போதும். கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் அவர்தான். அவர் நிலைமையைச் சொல்வார், மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருளும்.

பூட்டிய கதவு ஒன்று. "சத்தமில்லாமல் திறந்து பார்க்கிறேன்" என்கிறார் ஒருவர். இருபது முகப் பகடையில் 11 விழுகிறது. அவருடைய கேரக்டர் ஷீட்டில், அதாவது கதாபாத்திரத்தின் திறமைகளை எழுதிய தாளில், அந்தத் திறமைக்கு 5 இருக்கிறது, ஆக மொத்தம் 16. நடுத்தரமான சிரமத்துக்கு விதி வைத்திருக்கும் எண் 15. கதவு திறந்துவிட்டது. இந்த ஒரு கூட்டல் கணக்கு தெரிந்தால் முதல் நாளுக்குப் போதும்.

புதியவர்களை உண்மையில் விரட்டுவது கேரக்டர் உருவாக்கும் வேலைதான். ஆட்டமே தெரியாதவரிடம் இனம், வகுப்பு (வீரரா, மந்திரவாதியா என்பது போல), மந்திரம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பாவம், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்? தயார் கேரக்டர்களைக் கொடுத்துவிடுங்கள். 2014-இல் புதியவர்களுக்காக வந்த ஸ்டார்ட்டர் செட் பெட்டியில் அப்படி ஐந்து பேர் இருக்கிறார்கள், விதிப் புத்தகமும் 32 பக்கம்தான். கதையும் சுற்றி வளைக்காது: வண்டிக்குக் காவலாகப் போகிறீர்கள், வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, புதரில் கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள். உடனே ஏதாவது செய்தாக வேண்டும்!

எனக்கு மிகவும் பிடித்த பாடம் 1983-இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய, இதே ஆட்டத்தின் சிவப்புப் பெட்டிப் பதிப்பு. அதில் விதிகளை முதலில் அடுக்கவே மாட்டார். நீங்கள் ஒரு வீரர் என்று சொல்லி, தனியாகவே ஒரு குகைக்குள் அனுப்பிவிடுவார். பாம்போடு மோதும்போது தாக்குதலும், எவ்வளவு அடி தாங்குவீர்கள் என்று காட்டும் உயிர்ப் புள்ளியும் புரியும். அலீனா என்ற பெண் உங்கள் காயத்தை ஆற்றும்போது மந்திரம் புரியும். எந்த விதியையும் அது தேவைப்படும் நேரத்தில் சொன்னால் மனதில் நிற்கும். நீங்களும் அதே வழியில் சொல்லிக்கொடுங்கள்.

அதுவும் பாரமாகத் தெரிந்தால் ஜான் ஹார்ப்பர் உருவாக்கிய 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' என்ற வேறொரு கதை ஆட்டம் இருக்கிறது. இலவசம், மொத்தமே ஒரு பக்கம். 2 முதல் 5 வரை ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அறிவால் செய்யும் காரியத்துக்குப் பகடையில் அதைவிடக் குறைவாக விழ வேண்டும், மனதால் செய்யும் காரியத்துக்கு அதிகமாக. விண்வெளிக் கதை பிடிக்கும் என்றால் இதிலேயே தொடங்கலாம்.

முதல் ஆட்டத்துக்கு மூன்று நான்கு பேர் போதும். தமிழிலேயே பேசி ஆடுங்கள். ஆங்கிலக் கூச்சத்தாலேயே பலர் வாய் திறப்பதில்லை. அப்புறம், பேசாமல் உட்கார்ந்திருப்பவரை அவருடைய கேரக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கோப்ளின் உங்களைப் பார்த்துவிட்டது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.